மத்தியானத்தில் மட்டும் வருகிற வருத்தம்

சித்தியின் வானில் கெட்டுப்போன ஒரு சென்சரைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் கம்பஸில் கூட்டாளிகள் சிரித்தார்கள். "கலைப்பீடத்துக்கும் டீசல் பம்புக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவர் சொல்வதை நாங்கள் எப்போது சான்றாக எடுத்துக்கொள்கிறோம், எப்போது வெறும் கதையென்று தள்ளிவிடுகிறோம் என்ற விசயம், விரிவுரை மண்டபத்தில் விளங்கியதைவிட அந்த வானின் முன்சீற்றுக்கு அடியில்தான் எங்களுக்குக் கூட விளங்கியது. அதனால் எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருவருக்கு வரலாறு சிறப்புப் பாடம். மற்றவர் தம்பி முறை, தொழிற்பயிற்சி நிலையமொன்றில் மோட்டார் பொறிமுறை படிக்கிறவர். இந்தக் கதையில் யார் எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்லத் தேவையில்லை. கை அழுக்கானது இரண்டு பேருக்கும்தான்.

சித்தி பள்ளிக்கூட வான் ஓடுகிறவர். சித்தப்பாவுக்குக் கண் சத்திரசிகிச்சை செய்து, இனி ஓட வேண்டாம் என்று டொக்டர் சொன்ன பிறகு, லீசிங் காசு மட்டும் மாதாமாதம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. லைசன்ஸ் சித்தியிடமும் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டியரிங்கைப் பிடித்தவர், அதற்குப் பிறகு விடவில்லை. பதினான்கு பிள்ளைகள். காலை ஆறு இருபதுக்கு முதல் பிள்ளையை ஏற்றி, ஏழு இருபதுக்குள் மூன்று பள்ளிக்கூடங்களில் இறக்க வேண்டும். மத்தியானம் ஒன்றரைக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். வான் ஜப்பானில் இருந்து பாவித்து வந்தது, எஞ்சின் முன்சீற்றுக்கு அடியில் இருக்கும் வகை, கொமன் ரெயில் டீசல்.

வருத்தம் சித்திரை வெயிலோடு தொடங்கியது. மத்தியானம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது டாஷ்போர்ட்டில் மஞ்சள் எஞ்சின் லைற் எரியும். வான் இழுவை குறைந்து, கொஞ்சம் உதறும். அடுத்தநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். லைற் ஒருநாள் எரியும், இரண்டு நாள் எரியாது. ஒருநாள் தட்டாதெரு பக்கம் வான் ஏலாமல் ஊர்ந்ததைப் பின்னால் வந்த ஒரு பெற்றோர் கண்டுவிட்டார். அன்று இரவு பெற்றோர்களின் வட்ஸ்அப் குழுவில் "வான் சரியில்லை போல, ஓடுறவவுக்கும் பழக்கம் காணாது" என்று ஒரு செய்தி. அந்த மாதக் கடைசியில் இரண்டு பிள்ளைகள் வேறு வானுக்கு மாறிவிட்டார்கள்.

சித்தி வானைக் கராச்சுக்குக் கொண்டுபோகாமல் இருக்கவில்லை. மூன்று தரம் கொண்டுபோனார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலை எட்டு மணிக்கு, அவருக்கு நேரம் கிடைக்கும்போது. ஸ்கானரைப் போட்டார்கள். கோட் ஒன்று இருந்தது, அழித்தார்கள், மூவாயிரம் ரூபாய் வாங்கினார்கள். மூன்றாம் தரம், "அக்கா, இது பம்ப் போகப் போகுது. மாத்தினால்தான் சரி" என்றார்கள். பாவித்த பம்புக்கே ஒன்றேமுக்கால் இலட்சம் கேட்டார்கள்.

அந்த விலை ஏன் அப்படி என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிற்பாட்டப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் டொலர் இருநூறு ரூபாய்ச் சொச்சத்தில் இருந்து முந்நூற்று அறுபதுக்குக் கிட்டப் போனது. ஓடுகிற பழைய வாகனத்தை எப்படியாவது ஓடவைக்க வேண்டும் என்ற நிலையில் நாடு முழுக்க நின்றபோது, உதிரிப்பாகக் கடைக்காரர் சொன்னதுதான் விலை.

சித்தி கராச்சில் ஒரு விசயம் சொல்லியிருக்கிறார். "தம்பி, இது டீசல் குறைஞ்சு வாற நாளிலதான் கூட வருது. தாங்கி நிரப்பினா ரெண்டு நாளைக்கு வராது." கராச்சில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். "டீசல் குறைஞ்சால் வாற லைற் வேற, அக்கா. இது எஞ்சின் லைற். அதுக்கும் இதுக்கும் தொடர்பில்லை."

சித்தி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவருக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் கூட இருந்தது. "எனக்குத்தான் தெரியாமல் கதைச்சிட்டனோ?" என்று கேட்டார். எங்களுக்கு அந்தக் கேள்விதான் உறுத்தியது. ஏழு மாதமாக ஒவ்வொரு நாளும் அந்த வானில் இருக்கிற ஆள் சித்தி. ஸ்கானர் அந்த வானோடு இருந்தது மூன்று காலைகளில், பத்துப் பத்து நிமிசம்.

*

முதலில் கோட் என்னவென்று பார்க்க வேண்டும். கராச்சில் எழுதித் தரவில்லை. அடுத்த தரம் லைற் எரிந்தபோது அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னோம். தம்பியின் பயிற்சி நிலையத்து நண்பன் ஒருவனிடம் நேரடித் தரவு காட்டும் ஸ்கானர் இருந்தது. இரவல் வாங்கிப் போட்டோம். பி 0183 என்று விழுந்தது. எரிபொருள் வெப்பநிலைச் சென்சர், சுற்றின் மின்னழுத்தம் உயர்வு.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. டீசலுக்கு ஏன் வெப்பநிலை பார்க்க வேண்டும்? எல்லாத் திரவத்தையும் போல டீசலும் சூட்டில் விரியும். ஒரு பாகை செல்சியசுக்கு நூற்றில் 0.08 பங்கு அளவில். முப்பது பாகையில் நூறு லீற்றராக இருந்தது எழுபது பாகையில் நூற்று மூன்று லீற்றருக்கு மேல் வரும். நிறை அதேதான், கனவளவுதான் கூடும். இன்ஜெக்டர் திறந்து மூடும் நேரத்தைக் கணினி ஆயிரத்தில் ஒரு செக்கன் கணக்கில் தீர்மானிக்கிறது. அந்த நேரத்துக்குள் உள்ளே போகிற டீசலில் உண்மையில் எவ்வளவு எரிசக்தி இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். சூடான டீசல் தண்ணிப்பதமாகவும் ஆகும், பம்புக்குள் கசிவு கூடும். இதையெல்லாம் கணக்கில் எடுக்கத்தான் பம்பில் இரண்டு வயரோடு ஒரு சின்னச் சென்சர். எங்கள் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும்.

அதற்குள் இருப்பது தேர்மிஸ்டர். சூடு கூடக்கூட மின்தடை குறையும் பொருள். பொதுவாக உலோகத்தில் இதற்கு எதிர்மாறாகத்தான் நடக்கும். சூடு கூடினால் தடை குறையும் பொருளும் உண்டு என்று 1833இல் வெள்ளிச் சல்பைட்டில் கண்டு எழுதியவர் மைக்கேல் பரடே. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகப் போய், கட்ட வந்த புத்தகங்களை வாசித்து விஞ்ஞானத்துக்கு வந்த மனிதர் அவர். கலைப்பீடத்தில் இருந்து டீசல் பம்புக்குப் போவது அவ்வளவு பெரிய தாவல் இல்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

கணினி ஐந்து வோல்ற்றை ஒரு நிலையான தடையினூடாக அந்தச் சென்சருக்கு அனுப்புகிறது. திரும்ப எவ்வளவு வோல்ற் நிற்கிறது என்று பார்க்கிறது. டீசல் குளிர்ந்திருந்தால் தடை கூட, வோல்ற்றும் கூட. சூடென்றால் இரண்டும் குறையும். இப்போது அந்தச் சுற்று எங்கேயாவது அறுந்தால் என்ன நடக்கும்? தடை முடிவில்லாமல் கூடும், ஐந்து வோல்ற்றும் அப்படியே நிற்கும். கணினி அதை வாசித்து, டீசல் மறை 40 பாகைக் குளிரில் இருப்பதாக நினைக்கும். யாழ்ப்பாணத்தில், சித்திரை மாதத்து மத்தியானத்தில், மறை 40 பாகை. பி 0183 என்பதன் உண்மையான பொருள் அதுதான்: எனக்கு வருகிற செய்தி நம்பக்கூடியதாக இல்லை.

டீசல் உறைகுளிரில் இருக்கிறது என்று நம்பினால் கணினி அது அடர்த்தியாக இருக்குமென்று கணக்குப் போட்டு, ஊற்றுகிற அளவைக் குறைக்கப் பார்க்கும். பிறகு, இது பிழை என்று முடிவெடுத்து, லைற்றைப் போட்டுவிட்டு, தானாக ஒரு நிலையான வெப்பநிலையை வைத்துக்கொண்டு ஓடும். எல்லா வாகனமும் ஒரே மாதிரி நடக்காது. ஆனால் உதறலும் இழுவைக் குறைவும் எங்கேயிருந்து வரலாம் என்பதற்கு இது போதும்.

கவனியுங்கள், அந்தக் கோட் "பம்ப் கெட்டுது" என்று சொல்லவே இல்லை. "சென்சர் கெட்டுது" என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு சுற்றில் மின்னழுத்தம் உயர்வாக இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னது. சென்சராக இருக்கலாம், வயராக இருக்கலாம், பிளக்கில் ஊத்தை பிடித்திருக்கலாம், ஏன், கணினியாகக்கூட இருக்கலாம். ஓர் ஆவணத்தை வாசிக்கும்போது அது சொல்வதையும் நாங்கள் அதில் ஏற்றிச் சொல்வதையும் பிரித்துப் பார் என்று எங்களுக்கு முதலாம் வருடத்திலேயே சொல்லித் தந்தார்கள். அந்தப் பாடம் இப்படி உதவுமென்று அவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் கிடைத்தது. கோட் விழுகிற கணத்தில் வாகனம் எந்த நிலையில் இருந்தது என்று கணினி ஒரு படம் பிடித்த மாதிரிச் சேமித்து வைக்கும். வேகம், எஞ்சின் சூடு, ஸ்டார்ட் பண்ணி எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கோட்டை அழித்தால் இதுவும் அழிந்துபோகும். மூன்று தரம் மூவாயிரம் கொடுத்து அழிப்பித்தது இந்தச் சான்றைத்தான். எங்களுக்குக் கிடைத்த படத்தில் எஞ்சின் நல்ல சூட்டில், வான் ஊர்ந்துகொண்டிருந்தது.

*

ஒரு கொப்பி வாங்கிச் சித்தியிடம் கொடுத்தோம். நேரம், தாங்கியில் டீசல் எவ்வளவு, லைற் எரிந்ததா, எங்கே வைத்து. அவ்வளவுதான். சித்தி ஒன்பது பள்ளிக்கூட நாட்களுக்கு எழுதினார், பிள்ளைகள் ஏறி இறங்கும் இடைவெளியில், சாய்ந்த எழுத்தில்.

ஒன்பது நாளில் ஐந்து நாள் லைற் எரிந்திருந்தது. ஐந்தும் மத்தியான ஓட்டம். ஐந்தும் பள்ளிக்கூட வாசலில் எஞ்சினை நிற்பாட்டாமல் காத்து நின்ற பிறகு. அதில் நான்கு நாள், தாங்கி காலுக்குக் கீழே. தாங்கி அரைக்கு மேல் இருந்த நாட்களில் ஒன்றுகூட இல்லை.

கொப்பியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். ஏனென்றால் பதில் தம்பியின் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. கொமன் ரெயில் எஞ்சினில் பம்ப் எடுக்கிற டீசல் முழுவதும் எரிவதில்லை. மிச்சம் சூடாகித் திரும்பத் தாங்கிக்கே போகும். தாங்கி நிரம்பி இருந்தால் அந்தச் சூடு நிறைய டீசலில் கலந்து கரைந்துவிடும். தாங்கி காலுக்குக் கீழே என்றால் அதே கொஞ்ச டீசல் திரும்பத் திரும்பச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் சூடேறும். பெரிய பானைத் தண்ணீருக்குள் ஒரு அகப்பை சுடுதண்ணீர் ஊற்றுவதும் சின்னக் கோப்பைக்குள் ஊற்றுவதும் ஒன்றா?

சித்தி சொன்னது சரி. டீசல் குறைந்த நாளில்தான் டீசல் கூடச் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது. அவருக்குத் தேர்மிஸ்டர் என்ற சொல் தெரியாது. ஆனால் அவர் கண்டது அதைத்தான். சிரித்தவர்களுக்குச் சொல் தெரியும், காணவில்லை.

*

அதற்குப் பிறகு நாங்கள் போனது எங்கட ஒழுங்கையில் இருக்கிற வயதான பாஸ் ஐயாவிடம். கராச்சை மூடிப் பல வருடம். கொமன் ரெயில் எஞ்சினில் அவர் வேலை செய்ததே இல்லை. ஆனால் கதையைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி "எப்ப வருது?" என்பதுதான். என்ன கோட் என்று கேட்கவில்லை.

அவருக்கு எரிபொருளின் சூடு புதுக் கதை இல்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் டீசலும் பற்றரியும் தடைப்பட்ட பொருட்களாக இருந்தபோது, யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எங்கள் தலைமுறைக்கு இது கேட்ட கதை. அவருக்கு அது தொழில். ஒரு சின்னப் போத்தலில் இருக்கிற கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சினைச் சூடாக்கி, பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, புகைதான் வரும். எப்போது மாற்றுவது என்று எப்படித் தெரியும் என்று கேட்டோம். "கையை வைச்சுப் பாப்பன்" என்றார். "எவ்வளவு நேரம் கை தாங்குது எண்டதுதான் கணக்கு."

பிறகு சொன்னார்: "சூட்டில வாற வருத்தத்தைக் குளிரில வைச்சுப் பாத்தால் ஒருக்காலும் பிடிபடாது, பிள்ளையள். காய்ச்சல்காரனைக் காய்ச்சல் விட்ட பிறகு டொக்டரிட்டக் கொண்டுபோன மாதிரி." சித்திக்கு நேரம் கிடைப்பது காலை எட்டு மணிக்கு. வானுக்கு வருத்தம் வருவது பின்னேரம் இரண்டு மணிக்குக் கிட்ட. கராச்சில் வேண்டுமென்று யாரும் பிழை செய்யவில்லை. இரண்டு பேருடைய நேரமும் சந்திக்கவேயில்லை, அவ்வளவுதான்.

*

செய்த பரிசோதனைகளை ஒழுங்காக எழுதுகிறோம். யாருக்காவது உதவும்.

ஒன்று. இரவு முழுக்க நின்ற வானில், காலையில் ஸ்டார்ட் பண்ண முன்னர், ஸ்கானரில் மூன்று வெப்பநிலைகளை ஒப்பிட்டோம்: எஞ்சின் தண்ணீர், உள்ளே வரும் காற்று, டீசல். ஒரு இரவு நின்ற வாகனத்தில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றும் 28, 29 என்று நின்றன. அப்படியானால் காலையில் சென்சர் உண்மைதான் சொல்கிறது.

இரண்டு. சென்சரின் பிளக்கைக் கழற்றினோம். ஸ்கானரில் மறை 40 என்று விழுந்தது. விழத்தான் வேண்டும். பிறகு வயர்ப் பக்கத்துப் பிளக்கின் இரண்டு முனையையும் ஒரு மெல்லிய வயர்த்துண்டால் தொடுத்தோம். உடனே 140க்கு ஏறியது. இதன் பொருள், வயர் நல்லம், கணினியும் நல்லம். சுற்று அறுந்தால் அறுந்ததென்றும், தொடுபட்டால் தொடுபட்டதென்றும் கணினிக்கு விளங்குகிறது. மிச்சம் இருப்பது பிளக்கும் சென்சரும். இதை இந்த இரண்டு வயர்ச் சென்சரில் மட்டும் செய்யுங்கள். பம்பில் பக்கத்திலேயே கட்டுப்பாட்டு வால்வின் பிளக்கும் அதே மாதிரி இருக்கும். மாறித் தொட்டால் செலவுதான்.

மூன்று. பிளக்கின் முனைகளைத் துடைத்து, ஊத்தையோ பாசியோ இருக்கிறதா என்று பார்த்தோம். சுத்தமாக இருந்தது. எஞ்சின் ஓடும்போது வயரை அசைத்தும் பார்த்தோம், எண் துள்ளவில்லை.

நான்கு. குளிர்ந்த சென்சரின் தடையை மல்ரிமீற்றரில் அளந்தோம். இந்த வகைச் சென்சர் 20 பாகையில் இரண்டரைக் கிலோ ஓம் அளவிலும், 30 பாகையில் 1.7 கிலோ ஓம் அளவிலும், 80 பாகையில் வெறும் 300 ஓம் அளவிலும் காட்ட வேண்டும். எங்களுக்கு 1.75. இதைப் பார்த்தால் யாரும் சென்சர் நல்லமென்றுதான் சொல்வார்கள்.

ஐந்து. எஞ்சின் ஆறிய பிறகு சென்சரைக் கழற்றினோம். பற்றரி வயரை முதலில் எடுத்துவிட்டு, சுற்றிவர இருந்த மண்ணைத் துடைத்த பிறகு. பம்புக்குள் ஒரு மணல் போனாலும் இன்ஜெக்டர் வரைக்கும் வினை. சென்சர் இருப்பது குறைந்த அழுத்தப் பக்கம், கொஞ்ச டீசல் வடியும், அவ்வளவுதான். ஆனால் பம்பில் இருந்து ரெயிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களைத் தொடக்கூடாது. ஓடும்போது அதற்குள் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். ஊசிமுனைக் கசிவு கூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஆறு, குசினியில். கேத்திலில் தண்ணீர் சுடவைத்து, ஒரு கோப்பைத் தண்ணீருக்குள் சென்சரின் உலோக முனை மட்டும் அமிழப் பிடித்து, பக்கத்தில் வெப்பமானி. சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம். சித்தியும் வந்து நின்றார். 40 பாகையில் 1.2 கிலோ ஓம். 50இல் 0.83. புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இறங்கியது. 56இல் எண் ஒருக்கால் நடுங்கியது. 58இல் மீற்றரில் எண்ணே இல்லை. சுற்று அறுந்துவிட்டது. தண்ணீரை ஆறவிட்டோம். 52க்கு வந்ததும், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி, 0.78 என்று திரும்ப வந்தது. இன்னும் இரண்டு தரம் செய்தோம். இரண்டு தரமும் அதே இடத்தில் விட்டது, அதே இடத்துக்குக் கிட்டத் திரும்பியது.

உள்ளே இருக்கிற ஏதோவொரு மெல்லிய தொடுப்பு சூட்டில் விரிந்து விலகி, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. காலை எட்டு மணிக்கு உலகத்திலேயே விலைகூடிய ஸ்கானரைப் போட்டாலும் இது தெரியாது.

சித்தி மீற்றரைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நான் சொன்னது விசர்க்கதை இல்லை" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

*

சென்சர் தனியாகக் கிடைக்குமா என்பதில்தான் மிச்சப் பயம். யாழ்ப்பாணத்தில் கேட்ட இரண்டு கடையிலும் "பம்போடதான் வரும்" என்றார்கள். பழைய சென்சரின் படத்தையும் அதில் அடித்திருந்த இலக்கத்தையும் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் இருக்கிற ஒரு கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். பத்து நிமிசத்தில் பதில் வந்தது. பதினோராயிரம் ரூபாய். இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார்கள், விடிய பஸ் நிற்கும் இடத்தில் போய் எடுத்தோம்.

பூட்ட முதல் புதியதையும் கேத்தில் தண்ணீரில் வைத்துப் பார்த்தோம். 80 பாகை வரைக்கும் நின்று இறங்கியது. புது வளையம் போட்டு, அளவாக இறுக்கி, கைப்பம்பால் காற்றை எடுத்து, ஸ்டார்ட் பண்ணி, கசிவில்லை என்று பார்த்து, கடைசியாகத்தான் கோட்டை அழித்தோம்.

வேலை அதோடு முடியவில்லை. காலையில் எல்லாம் சரியாக இருப்பது எங்களுக்கு ஒன்றையும் நிரூபிக்காது. தாங்கி காலுக்கு வரும்வரை நான்கு நாள் பொறுத்திருந்தோம். ஐந்தாம் நாள் மத்தியானம் ஸ்கானரோடு வானில் ஏறினோம். பள்ளிக்கூட வாசலில் இருபத்தைந்து நிமிசம் எஞ்சின் ஓட நின்றோம். டீசல் 51, 55, 57. சித்தி எங்களைப் பார்த்தார். 58. 59. பிள்ளைகள் ஏறி, சத்தம் போட்டு, ஒருவன் தண்ணிப் போத்தலைத் தேடி, வான் வெளிக்கிட்டது. 63 வரைக்கும் போனது. மஞ்சள் லைற் எரியவில்லை.

*

ஒன்றேமுக்கால் இலட்சத்துக்குப் பதிலாகப் பதினோராயிரம் என்பது பெரிய விசயம்தான். லீசிங் கட்டுகிற வீட்டில் அது இரண்டு, மூன்று மாத நிம்மதி. ஆனால் இதை எழுத வைத்தது அந்தக் கணக்கு மட்டும் இல்லை.

எங்கட பாடத்தில் வாய்மொழி வரலாறு என்று ஒரு பகுதி இருக்கிறது. எழுதப்பட்ட ஆவணம் மட்டும் சான்று இல்லை, அனுபவித்தவர் சொல்வதும் சான்று, அதை மற்றச் சான்றுகளோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று படிக்கிறோம். சோதனையில் அழகாக எழுதுவோம். ஆனால் ஒரு பெண், கராச்சில் நின்றுகொண்டு, தான் தினமும் ஓடுகிற வாகனத்தைப் பற்றி ஒரு அவதானத்தைச் சொன்னால், அது ஏன் சிரிப்பாகிறது? மெசினில் வராததால். சொன்னவருக்குச் சரியான சொல் தெரியாததால். சொன்னது பெண் என்பதால். இந்த மூன்றில் எது எவ்வளவு என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் சித்தப்பா இதையே சொல்லியிருந்தால் ஆகக் குறைந்தது "எப்ப வருது அண்ணை?" என்றாவது கேட்டிருப்பார்கள் என்று சித்தப்பாவே சொல்கிறார்.

சித்தி சொன்னதை நம்புவது என்பது சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்வது இல்லை. நாங்கள் கொப்பி எழுத வைத்தோம், அளந்தோம், சூடாக்கினோம், மூன்று தரம் செய்து பார்த்தோம். அவருடைய சொல்லை ஒரு கருதுகோளாக எடுத்ததால்தான் எங்கே, எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. ஸ்கானரும் தேவைப்பட்டது. ஆனால் அது எந்த மணிக்குப் போடப்பட வேண்டும் என்பதைச் சொன்னது சித்தி.

வீட்டில் வாகனம் இருப்பவர்களுக்குச் சின்னதாகச் சில விசயம். லைற் எரிந்தால் கோட்டின் இலக்கத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. படம் எடுத்து வைக்காமல் அழிக்க விடாதீர்கள். "இந்தப் பாகம்தான்" என்று யாராவது சொன்னால், எப்படிச் சோதித்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். வருத்தம் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்திலேயே வாகனத்தைக் கொண்டுபோங்கள், ஒரு நாள் லீவு போட வேண்டி வந்தாலும். ஓடுகிற ஆள் சொல்வதை, அவர் அம்மாவோ சித்தியோ யாராக இருந்தாலும், ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

மாறிப்போன இரண்டு பிள்ளைகளில் ஒன்று திரும்ப வந்திருக்கிறது. மற்றப் பிள்ளை வரவில்லை. வட்ஸ்அப் குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை, அப்படியான குழுக்களில் எழுதவும் மாட்டார்கள். கொப்பியை சித்தி நிற்பாட்டவில்லை. போன கிழமை பார்த்தபோது புதிதாக ஒரு வரி இருந்தது: "பின் இடது பக்கம் சத்தம், பிறேக் பிடிச்சா மட்டும், மழை நாளில் இல்லை." தம்பி வாசித்துவிட்டு, சனிக்கிழமை சில்லைக் கழற்றிப் பார்ப்போம் என்றிருக்கிறார்.